வேதம் எதற்கு, அதன் அதிகாரம் யாருடையது? வியாழக்கிழமை வேதபாடத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு லைன் வீட்டில் வியாழக்கிழமை சாயங்காலம் வேதபாடம் நடத்துகிறேன். பதினெட்டு வருஷமாகிறது. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் எல்லாருக்கும் நான் ‘டீச்சர்’. கொழுந்து பறித்துவிட்டு, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளை வாசலில் அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்து உட்காரும் பெண்கள், ஆட்டோ ஓட்டும் தம்பிகள், லீவுக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகள் என்று பதினைந்து இருபது பேர் வருவார்கள். நான் சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவள். வருகிறவர்களில் கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே சபையார், எந்தச் சபையிலும் சேராதவர்கள் எல்லாரும் உண்டு.

ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதிலைக் கீழே தந்திருக்கிறேன். வசனங்கள் பெரும்பாலும் நம் சபைகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

“பைபிள், வேதாகமம், விவிலியம்... மூணும் வேற வேற புத்தகமா டீச்சர்?”

ஒரே புத்தகம்தான். ‘பிப்லியா’ என்ற கிரேக்கச் சொல்லுக்குப் ‘புத்தகங்கள்’ என்று அர்த்தம். பைபிள், விவிலியம் இரண்டுமே அதிலிருந்து வந்தவை. கத்தோலிக்கர் விவிலியம், நற்செய்தி, ஆண்டவர் என்பார்கள். நாம் வேதாகமம், சுவிசேஷம், கர்த்தர் என்கிறோம்.

‘புத்தகங்கள்’ என்ற பன்மையை மட்டும் மறக்க வேண்டாம். நம் கையில் இருப்பது ஒரே அட்டைக்குள் அடங்கிய ஒரு நூலகம். அதில் பாட்டு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, ராஜாக்களின் கதை இருக்கிறது, கடிதம் இருக்கிறது. பெரும்பகுதி எபிரெயு, கொஞ்சம் அரமேயம், புதிய ஏற்பாடு கிரேக்கம். பாட்டைச் சட்டம்போலவும் சட்டத்தைக் கடிதம்போலவும் படிப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

“இதைக் கடவுளே எழுதினாரா, மனுஷங்க எழுதினாங்களா?”

மனுஷர்கள் எழுதினார்கள், கடவுள் அவர்களைக் கொண்டு பேசினார். பேதுருவின் இரண்டாம் நிருபம் (அதாவது கடிதம்), “தேவனுடைய பரிசுத்த மனுஷர்கள் பரிசுத்த ஆவியினாலே ஏவப்பட்டுப் பேசினார்கள்” என்கிறது. ஏவப்பட்டவர்கள் தன்னினைவு இழந்து, கைமட்டும் ஓடி எழுதினார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. லூக்கா தன் சுவிசேஷத்தின் ஆரம்பத்திலேயே, கண்ணாரக் கண்டவர்கள் சொன்னதைத் திட்டமாய் விசாரித்து வரிசையாக எழுதுகிறேன் என்கிறார். ரோமருக்கான கடிதத்தை அப்போஸ்தலர் பவுல் சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியு, கடைசி அதிகாரத்தில் தன் பங்குக்கு ஒரு வணக்கமும் எழுதிச் சேர்த்திருக்கிறார்.

எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. “வேதவாக்கியங்களெல்லாம் தேவஆவியினால் அருளப்பட்டிருக்கிறது” என்ற வசனம் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் வருகிறது. அதே நிருபத்தின் அடுத்த அதிகாரத்தில், சிறையில் இருக்கும் பவுல், துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார். மாரிகாலத்துக்கு முன் வந்துவிடு என்றும் கெஞ்சுகிறார். டிசம்பரில் உறைபனி விழும் ஊரில் இருக்கும் நமக்கு அந்த வரி உடனே புரியும். குளிரில் கம்பளி தேடும் ஒரு கிழவரின் கடிதத்துக்குள் கடவுள் தம் வார்த்தையை வைத்தார். இயேசுவே மாம்சமாய் வந்தவர் என்று நம்புகிற நமக்கு இது ஆச்சரியமாகப் படவேண்டியதில்லை.

“இதைப் படிச்சா என்ன கிடைக்கும்? எதுக்குத்தான் கொடுத்தாரு?”

வேதமே இரண்டு இடங்களில் நேராகப் பதில் சொல்கிறது. யோவான் 20:31: இயேசுவே கிறிஸ்து என்று நீங்கள் விசுவாசிக்கவும், விசுவாசித்து ஜீவனை அடையவும் “இவைகள் எழுதப்பட்டிருக்கிறது”. இன்னொன்று மேலே சொன்ன தீமோத்தேயு வசனத்தின் தொடர்ச்சி: உபதேசத்துக்கும், கடிந்துகொள்ளுதலுக்கும், சீர்திருத்தலுக்கும், நீதியைப் படிப்பிக்குதலுக்கும் அது பிரயோஜனமுள்ளது. எதற்காக? தேவனுடைய மனுஷன் நற்கிரியை செய்யத் தகுதியாகும்படி.

ஆக, ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு, சேர்ந்தபின் வாழக் கற்றுக்கொடுப்பதற்கு. இந்த இரண்டு நோக்கத்தையும் பிடித்துக்கொண்டால் கீழே வரும் கேள்விகளில் பலவற்றுக்கு வழி தெரியும். பச்சைத் தேயிலை விலை எப்போது ஏறும், மகன் எந்தக் காலேஜில் சேரவேண்டும் என்று சொல்வதற்காக அது எழுதப்படவில்லை. அந்த முடிவுகளை எடுக்கும் மனசு எப்படி இருக்கவேண்டும் என்பதைப் பற்றி நிறையச் சொல்கிறது.

“வேதத்துக்கு அதிகாரம் இருக்குன்னா, 1189 அதிகாரம் இருக்கிறதைத்தானே சொல்றீங்க?”

எட்டாம் வகுப்புப் பையன் கேட்டது. நல்ல கேள்வி, ஏனென்றால் தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். 66 புத்தகங்களில் 1189 அதிகாரங்கள் என்பது சரிதான். ஆனால் அந்த எண்களை எழுதியவர்கள் போடவில்லை. அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்ற பேராயர் காலத்தில் வந்தது. புதிய ஏற்பாட்டில் இன்றுள்ள வசன எண்கள் 1551இல் வந்தன. தேடி எடுக்க வசதி, அவ்வளவுதான். வசன எண்ணில் நின்றுவிடாமல் முன்னும் பின்னும் வாசியுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

மற்ற அதிகாரத்துக்கு வருவோம். உயிர்த்தெழுந்த இயேசு, “வானத்திலும் பூமியிலும் சகல அதிகாரமும் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது” என்றார். ஒரு புத்தகத்துக்குக் கொடுக்கப்பட்டது என்று அவர் சொல்லவில்லை. வேதத்தின் அதிகாரம் அவருடைய அதிகாரம். அவரைப் பற்றிச் சாட்சி சொல்வதால் அது நம்மைக் கட்டுப்படுத்துகிறது. யோவான் 5:39இல் வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்களைப் பார்த்தே, “என்னைக் குறித்துச் சாட்சிகொடுக்கிறவைகளும் அவைகளே” என்கிறார். வாசித்தும் அவரிடம் வர அவர்களுக்கு மனசில்லை. அப்படியும் நடக்கும் என்பதைக் கவனிக்கவேண்டும்.

“எங்க பைபிள்ல 66, கத்தோலிக்கங்க பைபிள்ல 73. யாரு கழிச்சா, யாரு சேர்த்தா?”

ஒரே நாளில் யாரும் கத்தரிக்கோல் எடுக்கவில்லை. யூதர்களின் எபிரெய வேதத்தில் இல்லாத சில நூல்கள், அதன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்போடு சேர்த்து வாசிக்கப்பட்டு வந்தன: தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு. எஸ்தர், தானியேல் நூல்களில் சில கூடுதல் பகுதிகளும் உண்டு. ஆதித் திருச்சபை பெரும்பாலும் கிரேக்கத்தில் வாசித்ததால் இவையும் புழங்கின. எபிரெயத்தில் இல்லாததை அதே வரிசையில் வைக்கலாமா என்று அப்போதே, வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் போன்றவர்கள் தயங்கினார்கள்.

லூத்தர் 1534இல் வெளியிட்ட ஜெர்மன் வேதாகமத்தில்கூட இவை தனிப்பகுதியாக இருந்தன. வாசிக்க நல்லவை, ஆனால் மற்றவற்றுக்குச் சமமல்ல என்ற குறிப்போடு. 1546இல் திரெந்து சங்கத்தில் கத்தோலிக்கத் திருச்சபை இவற்றையும் வேதம் என்று உறுதிசெய்தது. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் நமக்குள் வித்தியாசமே இல்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு கத்தோலிக்க அக்கா சீராக்கிலிருந்து நட்பைப் பற்றிய பகுதியை ஒருநாள் வாசித்தார். எல்லாரும் அமைதியாகக் கேட்டோம். நல்ல வாசிப்பு அது.

“அந்த 27ஐ கான்ஸ்டன்டைன் ராஜா ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தாராமே? யூடியூப்ல பார்த்தேன்.”

இல்லை. 325இல் கூடிய நிசேயா சங்கம் கிறிஸ்து யார் என்பதைப் பற்றி வாதாடியது; எந்த நூல் வேதம் என்று பட்டியல் போடவில்லை. இன்றுள்ள 27ஐயும் அப்படியே வரிசைப்படுத்தும் பழைய பட்டியல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 367இல் எழுதிய ஈஸ்டர் கடிதத்தில் இருக்கிறது. அதற்கும் வெகுகாலம் முன்பே நான்கு சுவிசேஷங்களும் பவுலின் நிருபங்களும் சபைகளில் வாசிக்கப்பட்டன. அப்போஸ்தலர் காலத்தோடு தொடர்பு, எல்லா ஊர்ச் சபைகளிலும் புழக்கம், ஒப்புக்கொண்ட விசுவாசத்தோடு இசைவு ஆகியவற்றைப் பார்த்தார்கள். வழக்கத்தில் நிலைத்துவிட்டதைத்தான் பட்டியல் எழுத்தில் வைத்தது.

“2000 வருஷமா கையால எழுதினது. நடுவுல மாத்தியிருக்க மாட்டாங்களா?”

எழுத்துப் பிழைகளும் சின்னச் சின்ன வித்தியாசங்களும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. பிரதிகள் ஏராளமாக இருப்பதால் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. 1947 முதல் சாக்கடலருகே கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களில் ஏசாயா புத்தகம் முழுசாக இருந்தது. அதுவரை கையிலிருந்த எபிரெயப் பிரதிகளைவிட சுமார் ஆயிரம் வருஷம் பழையது. ஒப்பிட்டபோது சொல் வேறுபாடுகள் இருந்தன. புத்தகம் அதே புத்தகமாக இருந்தது.

பெரிய இடங்கள் இரண்டைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் சம்பவமும் (யோவான் 7:53 முதல் 8:11 வரை), மாற்கு 16ஆம் அதிகாரத்தில் 8ஆம் வசனத்துக்குப் பிறகு வருவதும் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. புதிய மொழிபெயர்ப்புகள் இதை அடிக்குறிப்பிலோ அடைப்புக்குள்ளோ காட்டுகின்றன. நம் விசுவாசத்தின் எந்த அடிப்படையும் இந்த இரண்டு இடங்களை மட்டும் நம்பி நிற்கவில்லை.

“எங்க வீட்டுச் சுவர்ல மாட்டியிருக்கிற வசனமே வேற மொழிபெயர்ப்புல மாறுது. எதை நம்புறது?”

மலையில் வாழும் நமக்கு 121ஆம் சங்கீதம் சொந்த ஊர்ப் பாட்டு மாதிரி. நீலகிரியில் எத்தனை வீட்டு வாசலில் பார்த்திருக்கிறேன்: “எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்.” இந்தக் கேள்வியைக் கேட்ட தங்கை, கல்யாணத்துக்கு வந்த திருவிவிலியத்தில் அதே இடத்தைத் திறந்து பார்த்துத் திகைத்துப்போய் வந்தாள். அங்கே கண்களை மலைகளை நோக்கி உயர்த்திவிட்டு, எங்கிருந்து எனக்கு உதவி வரும் என்று கேள்வியாக இருக்கிறது.

எபிரெயத்தில் அது கேள்விதான். ‘எங்கிருந்து’ என்ற சொல் அங்கே இருக்கிறது. பழைய தமிழ் அதை மலைகளுக்கு அடைமொழியாக இணைத்துவிட்டது. ஆனால் அடுத்த வசனம் இரண்டிலும் ஒன்றே: “வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து எனக்கு ஒத்தாசை வரும்.” முதல் வசனத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டினால் மலையே காப்பாற்றும் என்று தோன்றும். 2009 நவம்பர் மழையில் மலை சரிந்து வீடுகளை மூடியதைப் பார்த்தவர்கள் நாம். மலையைப் பார்த்து, ‘இனி எங்கிருந்து உதவி வரும்’ என்று கேட்ட வாய்கள் இந்த ஊரில் உண்டு. சங்கீதக்காரனும் அதையேதான் கேட்டான் என்று தெரிந்ததும் எனக்கு அந்த வசனம் இன்னும் நெருக்கமாயிற்று. அந்தத் தங்கையிடம் சட்டத்தைக் கழற்றச் சொல்லவில்லை. இரண்டாம் வசனத்தையும் சேர்த்து எழுதி மாட்டச் சொன்னேன்.

“அப்ப பழைய மொழிபெயர்ப்பு தப்பா? எங்க அப்பா அதுதான் ஒரிஜினல்ம்பாரு.”

தமிழில் எதுவும் மூலம் அல்ல, எல்லாமே மொழிபெயர்ப்பு. சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. பிறகு பப்ரிசியுஸ், ரேனியுஸ், பெர்சிவல், பவர் என்று ஒவ்வொரு தலைமுறையும் திருத்தியது. பெர்சிவலுக்கு உடனிருந்து உதவியவர் யாழ்ப்பாணத்துச் சைவப் பெரியவர் ஆறுமுக நாவலர். நம் வீடுகளில் இருப்பது 1871இல் வந்த பவர் குழுவின் ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழி. எல்லாச் சபைகளுக்கும் பொதுவான திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது.

பழையதில் ஒரு ஓசை உண்டு. மனப்பாடத்துக்கு அதற்கு இணையில்லை. ஆனால் சொற்கள் நகர்ந்துவிட்டன. “நான் எரிச்சலுள்ள தேவன்” என்று பத்துக் கட்டளையில் வருகிறதல்லவா? இன்றைய பிள்ளைகளுக்கு அது கடுகடுப்பாக, சிடுசிடுப்பாகக் கேட்கிறது. அங்கே சொல்லப்பட்டது, தன் அன்புக்குரியவரை இன்னொருவரிடம் விட்டுக்கொடுக்காத வைராக்கியம். என் யோசனை: பழையதை மனப்பாடம் செய்யுங்கள், பக்கத்தில் புதியதை வைத்துப் புரிந்துகொள்ளுங்கள்.

“எனக்குப் படிக்கத் தெரியாது. கேட்டா மட்டும் போதுமா?”

போதும். சொல்லப்போனால், அதுதான் ஆதி வழக்கம். பவுலின் கடிதங்களைச் சபையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். “விசுவாசம் கேள்வியினால் வரும்” என்ற ரோமர் 10:17ஐப் பார்த்து, கேள்வி கேட்டால் விசுவாசம் வரும் என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். அங்கே ‘கேள்வி’ என்றால் காதால் கேட்பது. வள்ளுவர் சொன்ன கேள்விச் செல்வம்.

எங்கள் கூட்டத்தில் சிலோனிலிருந்து திரும்பிவந்த ஒரு பாட்டி இருந்தார். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனி கறுத்து வெடித்திருக்கும். எழுத்து தெரியாது. நான் ஒரு வசனத்தை மூன்று தடவை வாசிக்கவேண்டும். நான்காவது தடவை கண்ணை மூடிக்கொண்டு அவரே சொல்லிவிடுவார். மறுநாள் பிளாக்கில் இலை பறிக்கும்போது அதையே முணுமுணுத்துக்கொண்டிருப்பார் என்று மற்றவர்கள் சொல்வார்கள். வேதத்தைத் தியானிப்பது என்றால் என்னவென்று நான் பார்த்துத் தெரிந்துகொண்டது அவரிடம். தாய்மொழியில் காதில் விழவேண்டும் என்பதற்காகத்தான் இந்த மலையிலும் முன்னோர்கள் பாடுபட்டார்கள். படகர் மொழியில் லூக்கா கன்னட எழுத்தில் அச்சானது. தோடர் மொழியில் மாற்கு தமிழ் எழுத்தில் அச்சானது.

“புது வருஷ ஆராதனையில எடுக்கிற வாக்குத்தத்த அட்டை எனக்குன்னே கடவுள் கொடுத்ததுதானே?”

டிசம்பர் 31 ராத்திரி, பனியில் நடுங்கிக்கொண்டே வரிசையில் நின்று வசனம் எழுதிய அட்டை எடுக்கும்போது மனசு எப்படி எதிர்பார்க்கும் என்று எனக்குத் தெரியும். நானும் எடுக்கிறேன். அந்த வசனத்தால் கடவுள் ஒருவரோடு பேசலாம். அவர் கையை யார் கட்டமுடியும்? ஆனால் அந்த வசனம் முதலில் யாருக்கு, எந்த நிலைமையில் சொல்லப்பட்டது என்று பார்க்காமல் எனக்கு என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். பிறகு கடவுள் பொய் சொன்னார் என்போம்.

அதிகமாக வரும் அட்டை எரேமியா 29:11: “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. கேட்டவர்களில் பலர் சொந்த ஊரைத் திரும்பப் பார்க்கமாட்டார்கள். அதனால்தான் 5ஆம் வசனம் வீடுகட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. 7ஆம் வசனம் நீங்கள் இருக்கும் அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது. தலைமுறைக் கணக்கில் காத்திருக்கச் சொல்லும் வாக்கு. ஊரைவிட்டுப் பெயர்ந்து இந்த மலைக்கு வந்து, அந்நிய மண்ணில் வேர்விட்ட நம் குடும்பங்களுக்கு முழு அதிகாரமும் எவ்வளவு பொருந்துகிறது! அட்டை எடுத்த ராத்திரியே வீட்டுக்குப் போய் அந்த அதிகாரத்தை முழுசாக வாசித்துவிடுங்கள். கண்ணை மூடிப் பக்கத்தைத் திருப்பி விரல் வைப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

“நாலு சுவிசேஷமும் ஒண்ணுபோல இல்லையே. கல்லறைக்குப் போன பெண்கள் எத்தனை பேர்?”

யோவான் மகதலேனா மரியாளை மட்டும் சொல்கிறார், மத்தேயு இருவரை, மாற்கு மூவரை. லூக்கா இன்னும் சிலரைச் சேர்க்கிறார். அந்த 2009 மழை ராத்திரியைப் பற்றி எங்கள் லைனில் நாலு வீட்டில் கேட்டுப்பாருங்கள். சத்தம் முதலில் எங்கே கேட்டது, யார் யாரை எழுப்பினார்கள் என்பது வீட்டுக்கு வீடு மாறும். மண் சரிந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நாலு பேரும் ஒரே வார்த்தையில் சொன்னால்தான் பேசிவைத்துக்கொண்டார்களோ என்று தோன்றும்.

எல்லா வித்தியாசத்தையும் இழுத்துப் பிடித்து ஒட்டவைக்க நான் முயல்வதில்லை. யூதாஸின் மரணத்தை மத்தேயு ஒருவிதமாகவும் அப்போஸ்தலர் நடபடிகள் வேறுவிதமாகவும் சொல்வது அப்படியே இருக்கட்டும். நான்கையும் ஒன்றாக உருக்கிவிடாமல் நான்காகவே சபை காத்துவைத்தது.

“ஆறு நாள்ல உலகம் உண்டாச்சுன்னு நம்பினாதான் கிறிஸ்தவனா?”

இல்லை. ஆறு நாளை அப்படியே எடுத்துக்கொள்ளும் விசுவாசிகளும் உண்டு, படைத்தவர் யார் என்பதைச் சொல்லும் பாட்டாக வாசிக்கும் விசுவாசிகளும் உண்டு. நான் இரண்டாவது பக்கம். நோக்கத்தைப் பற்றி மேலே சொன்னதை இங்கே வைத்துப் பாருங்கள்.

“யோசுவா புத்தகத்துல குழந்தைகளையும் விடாம கொல்லச் சொல்லுது. அதுவும் தேவ வார்த்தைதானா?”

இதற்கு என்னிடம் நிம்மதியான பதில் கிடையாது. அந்த அதிகாரங்களை வாசிக்கும்போது குரல் தடுக்கும். தடுக்காதவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நியாயத்தீர்ப்பு என்று விளக்குபவர்கள் உண்டு. அக்காலத்துப் போர்க்கதைகளின் மிகைப்பேச்சு என்பவர்களும் உண்டு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம்.

நான் பிடித்துக்கொள்வது இதை: அழிக்கப்பட்ட எரிகோவிலேயே ராகாப் என்ற பெண் காப்பாற்றப்பட்டாள்; மத்தேயு முதல் அதிகாரத்தில் இயேசுவின் வம்சத்தில் அவள் பெயர் நிற்கிறது. சமாரியர் ஊர்மேல் அக்கினி இறங்கட்டுமா என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு அவர்களை அதட்டினார் (லூக்கா 9). கிறிஸ்துவைக் கொண்டுதான் மற்றதை அளக்கவேண்டும். யோசுவாவைக் காட்டி இன்று எவர்மீதும் கையோங்க எந்த விசுவாசிக்கும் உரிமையில்லை.

“பன்றி தின்னாதேங்கிற சட்டத்தை விட்டுட்டோம். அப்ப லேவியராகமமே வேண்டாம்தானே?”

மோசேயின் சட்டம் முழுவதையும் யூதரல்லாத புறஜாதியார்மேல் சுமத்துவதில்லை என்று அப்போஸ்தலர் 15இல் எருசலேமில் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். பலிகள் கிறிஸ்துவில் முடிந்தன என்று எபிரெயர் நிருபம் சொல்கிறது. ஆனால் “உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக” என்று இயேசு எடுத்துச் சொன்ன கட்டளை இருப்பது லேவியராகமம் 19இல். அதே அதிகாரத்தின் 13ஆம் வசனம், கூலிக்காரனின் கூலியை விடியும்வரை கையில் வைத்துக்கொள்ளாதே என்கிறது. எடையில் கை வைக்கிறவர்களையும் 35, 36ஆம் வசனங்கள் விடவில்லை. கொழுந்து எடை போடும் இடத்தில் நின்று பழகியவர்கள் அந்த வசனங்களைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். லேவியராகமத்தை எப்படி விடுவது?

“வாழ்க்கைப்பட்டது கத்தோலிக்க வீடு. வேதம் மட்டும் போதாது, திருச்சபை சொல்றதும் வேணும்ங்கிறாங்க. யார் சொல்றது சரி?”

1947இல் உருவான எங்கள் சி.எஸ்.ஐ. சபை, இரட்சிப்புக்குத் தேவையானதெல்லாம் வேதத்தில் அடங்கியிருக்கிறது, விசுவாசத்துக்கு அதுவே மேலான, தீர்மானமான அளவுகோல் என்று அறிக்கை செய்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை, வேதமும் அப்போஸ்தலர் வழிவந்த மரபும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன என்கிறது. இந்த வித்தியாசம் நிஜம், சின்னதாக்க மாட்டேன். ஆனால் 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில், போதிக்கும் அதிகாரம் இறைவார்த்தைக்கு மேலானதல்ல, அதற்குப் பணிசெய்வது என்று தெளிவாக இருக்கிறது. நாமும் தனித்தனியாக வாசிப்பதில்லை; விசுவாசப்பிரமாணத்தோடு, சபையோடு, முன்னோர் விளக்கங்களோடுதான் வாசிக்கிறோம். எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்தபோது, ஒருவர் விளக்காவிட்டால் எப்படிப் புரியும் என்றுதானே பிலிப்புவைக் கேட்டார்? இந்தக் கேள்வியைக் கேட்ட தங்கையிடம் நான் சொன்னது: காந்தல் குருசடிக்கு மாமியாரோடு போகும்போது அன்றைய வாசகத்தைக் கவனித்துக் கேள், ராத்திரி இருவரும் அதையே சேர்ந்து வாசியுங்கள்.

“‘மனைவிகளே கீழ்ப்படியுங்கள்’னு வசனம் காட்டி அடிக்கிறாரு. வேதத்துக்கு அதிகாரம் இருக்குன்னு நீங்களே சொன்னீங்களே?”

இந்தக் கேள்வியோடு வந்தவர் கையில் காயம் இருந்தது. ஒரு பெரியவரிடம் முறையிட்டபோது, பொறுத்துப்போ, வசனம் அதுதான் என்று அவர் அனுப்பிவிட்டாராம். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

எபேசியர் 5:22க்கு முந்தின வசனம், ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. 25ஆம் வசனம் கணவனுக்கு: கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல் மனைவியை நேசி. 28இல், சொந்தச் சரீரமாக. இதில் அடிக்க எங்கே இடம்? வனாந்தரத்தில் பிசாசும் 91ஆம் சங்கீதத்தைச் சரியாகத்தான் சொன்னான். வசனத்தைச் சொல்வதால் மட்டும் ஒருவர் வேதத்தின் அதிகாரத்தோடு பேசுகிறார் என்று ஆகிவிடாது. அந்த அதிகாரம் கிறிஸ்துவினுடையது என்று மேலே சொன்னேன், அவர் யாரையும் அடிமைப்படுத்த அதைப் பயன்படுத்தவில்லை. அடிபடுகிறவர் முதலில் பத்திரமான இடத்துக்குப் போகவேண்டும், பெண்கள் உதவி எண் 181க்குக் கூப்பிடவேண்டும். அதனால் வேதத்தை மீறியவர் ஆகமாட்டார்.

ஜாதிக்கும் இதுவே பதில். கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்றே என்கிற கலாத்தியர் 3:28ஐ ஞாயிற்றுக்கிழமை வாசித்துவிட்டுக் கல்லறையில் தனி வரிசை கேட்கும் சபை, வேதத்தின் அதிகாரத்தை வாயால் மட்டும் ஒப்புக்கொள்கிறது.

“ஒரு ஊழியக்காரர், ‘கர்த்தர் எனக்குச் சொன்னார், மாத்திரையை நிறுத்து’ன்னாரு. கேக்கணுமா?”

வேண்டாம். மாத்திரையை நிறுத்தவேண்டாம். பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே, அப்படியா என்று வேதத்தை ஆராய்ந்து பார்த்தார்கள். அதற்காக அவர்கள் புகழப்படுகிறார்கள் (அப்போஸ்தலர் 17:11). பவுலுக்கே அந்தச் சோதனை என்றால் மற்றவர்களுக்கு? “எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.” அதே பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு அந்தக் காலத்து மருந்தாகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார். லூக்காவை “பிரியமான வைத்தியன்” என்றார்.

“வேதம் உண்மைன்னு வேதமே சொல்லுது. இதை எப்படி ஏத்துக்கிறது?”

பொறியியல் படிக்கும் பையன் கேட்டான். அவன் சொன்னது நியாயம். ஒரு புத்தகம் தன்னைத்தானே உண்மை என்று சொல்லிக்கொள்வது நிரூபணம் ஆகாது. நானும் அந்த ஒரு வசனத்தைக் கொண்டு நம்பவில்லை. சுவிசேஷங்கள் பெயரும் ஊரும் சொல்லிப் பேசுகின்றன. பொந்தியு பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961இல் செசரியாவில் கிடைத்தது. கொரிந்தியருக்குப் பவுல் எழுதும்போது, உயிர்த்தெழுந்தவரைக் கண்ட ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களில் அநேகர் இன்னும் இருக்கிறார்கள் என்கிறார்; போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்பதுபோல. இவையெல்லாம் வாசல்வரை கொண்டுவிடும். உள்ளே போவதற்கு வாசிப்பவனோடு அவர் பேசவேண்டும். அது என் கையில் இல்லை.

அவனிடம் விவாதத்தை நிறுத்திவிட்டு, மாற்குவை ஒரே மூச்சில் வாசி என்றேன். பதினாறே அதிகாரம், ஒன்றரை மணி நேரம். கோயம்புத்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில், மலையிறக்கத்தில் தலை சுற்றியதால் மூடிவைத்து, மேட்டுப்பாளையம் தாண்டியபிறகு எடுத்து முடித்திருக்கிறான். அன்று ராத்திரியே போன் வந்தது. “டீச்சர், 16:8இல் அந்தப் பெண்கள் பயந்துபோய் ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் சொல்லலைன்னு இருக்கு. பழைய பிரதியெல்லாம் அங்கேயே முடியுதுன்னு நீங்க சொன்னீங்க. யாருமே சொல்லலைன்னா மாற்குக்கு எப்படித் தெரிஞ்சது?” அடுத்த லீவுக்கு அவன் வருகிற வியாழக்கிழமை அந்த அதிகாரத்தைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.